கடைசல் இயந்திரத்தின் பெல்ட் வழுக்குகிறதா? புதிது வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வாழ்வாதார உதவியாகக் கிடைத்த இயந்திரமொன்று தறப்பாளால் மூடப்பட்டு மூலையில் கிடப்பதை வடக்கிலும் கிழக்கிலும் பல இடங்களில் காணலாம். தையல் இயந்திரம், நீர் இறைக்கும் இயந்திரம், அரைக்கும் இயந்திரம் என்ற அந்த வரிசையில் மரம் கடையும் லேத்தும் உண்டு. கட்டில்கால், மேசைக்கால், தொட்டில்கால், படிக்கட்டுத் தூண் என்று ஓடர் எடுத்துக் குடும்பத்தைக் கொண்டு நடத்திய ஒருவரின் இயந்திரம் நின்றுவிட்டால், அந்த வீட்டின் வருமானமும் அன்றோடு நின்றுவிடுகிறது. என்ன பழுது என்று கேட்டால் "மோட்டார் போயிட்டுது" என்பார்கள். ஆனால் பல வேளைகளில் மோட்டார் நன்றாகவே இருக்கும். மோட்டாரின் சுழற்சியை மரத்துக்குக் கொண்டுசெல்லும் பெல்ட்டில்தான் கோளாறு இருக்கும்.

இயந்திரத்தில் ஆக மலிவான பாகங்களில் ஒன்று இந்த பெல்ட். அதனால் பலர் வேறொன்றையும் பார்க்காமல் புதியதொன்றை வாங்கிப் போடுகிறார்கள். சில வாரங்களில் அதுவும் தேய்ந்து போகிறது. பிறகு இன்னொன்று. கடைசியில் "இந்த மெசின் சரிவராது" என்ற முடிவுக்கு வந்து மூடி வைத்துவிடுகிறார்கள். பெல்ட் தானாகக் கெட்டுப்போவது குறைவு. அதைக் கெடுக்கும் காரணம் கப்பியிலோ, மோட்டார் பூட்டிய விதத்திலோ, மின்சாரத்திலோ, கடையும் மரத்திலோ இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, சரியான பெல்ட்டைத் தெரிந்து வாங்கிப் பூட்டுவது எப்படி என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. இதற்குப் பெரிய கருவிகள் எவையும் தேவையில்லை. ஒரு நூல், ஓர் அடிமட்டம், ஓர் அளவு நாடா, ஒரு ஸ்பனர் போதும்.

பெல்ட் செய்யும் இரண்டு வேலைகள்

காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தை அறியாத வீடு எங்களிடம் குறைவு. கீழே பெரிய சக்கரம், மேலே சிறிய சக்கரம், இரண்டையும் இணைக்கும் உருண்டைத் தோல் பெல்ட். அது நீண்டு தளர்ந்தால் கால் மிதித்தாலும் ஊசி ஏறாது. ஒரு துண்டை வெட்டிவிட்டுக் கம்பிக் கொக்கியை மீண்டும் மாட்டினால் வேலை நடக்கும். கடைசல் இயந்திரத்திலும் நடப்பது இதேதான். ஆனால் அங்கே கடத்த வேண்டிய வலு பல மடங்கு அதிகம். அதற்காகவே பெரும்பாலான லேத்துகளில் குறுக்குவெட்டில் ஆப்பு வடிவமான 'வி' பெல்ட் பயன்படுகிறது.

ஆப்பு ஒன்று மரப்பிளவில் இறங்க இறங்க இறுகுவதுபோல, இந்த பெல்ட் கப்பியின் பள்ளத்துக்குள் இறங்கி இரண்டு பக்கச் சுவர்களையும் அழுத்திப் பிடிக்கிறது. பிடி முழுவதும் பக்கங்களில்தான். பெல்ட்டின் அடிப்பாகம் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது. தொட்டால் ஆப்பு இறுகாது, பெல்ட் வழுக்கும். பெல்ட்டின் உள்ளே, மேற்பகுதிக்குச் சற்றுக் கீழே, முடிவில்லாத வளையமாக ஓடும் இழைகள் இருக்கின்றன. இழுவையைத் தாங்குபவை அவைதான். அதனால் தையல் இயந்திர பெல்ட்டைப் போல இதை வெட்டி ஒட்டவோ தைக்கவோ முடியாது. இழை அறுந்த இடத்தில் அதன் பலம் முடிந்துவிடும்.

வலுவைக் கடத்துவது பெல்ட்டின் முதல் வேலை. இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. உளி மரத்தில் திடீரெனச் சிக்கும்போது வழுக்கிக் கொடுத்து, மோட்டாரையும் உளி பிடித்த கையையும் காப்பாற்றுவதும் பெல்ட்தான். அளவோடு வழுக்க வேண்டிய ஒன்றை ஒருபோதும் வழுக்காதபடி இறுக்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பெல்ட்டைச் சரிசெய்யும்போது இந்த இரண்டு வேலைகளையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

கை வைக்கும் முன்

சுவிட்ச்சை நிறுத்தினால் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். மின்வெட்டு வேளையில் பழுது பார்ப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களை நாங்கள் கண்டிருக்கிறோம். கரண்ட் இல்லை என்று நினைத்து பெல்ட்டுக்குள் விரல் வைத்திருக்கும்போது மின்சாரம் திரும்பி, சுவிட்ச்சும் போட்டபடி இருந்தால், இயந்திரம் தானாகவே ஓடத் தொடங்கும். பெல்ட்டும் கப்பியும் சேரும் இடத்தில் அகப்படும் விரலை இழுத்தெடுக்க நேரம் இருக்காது. மின்சாரம் நின்று திரும்பினாலும் தானாக ஓடாத, மீண்டும் அழுத்தினால் மட்டும் ஓடும் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறது. புதிய இயந்திரம் வாங்குபவர்கள் அது உண்டா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பழுது எந்தப் பக்கம்?

இயந்திரத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் மரத்தைச் சுழற்றும் சுழல்தண்டு, இடையில் பெல்ட். பிளக்கைக் கழற்றிய பின் மோட்டாரைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி பெல்ட்டைக் கழற்றுங்கள்.

முதலில் சுழல்தண்டைக் கையால் சுற்றுங்கள். சத்தமின்றி, ஒரே சீராகச் சுற்ற வேண்டும். மண் அரைபடுவதுபோல் உணர்ந்தாலோ, இடையிடையே பிடித்தாலோ, மேலும் கீழும் ஆட்டும்போது ஆடினாலோ பெயாரிங் பழுதாகியிருக்கிறது. இறுகிய பெயாரிங்கைச் சுற்ற முயன்றுதான் பெல்ட் வழுக்குகிறது என்றால், எத்தனை பெல்ட் மாற்றினாலும் பயன் இல்லை.

அடுத்து, பெல்ட் இல்லாமலே பிளக்கைப் போட்டு மோட்டாரை மட்டும் சில வினாடிகள் ஓடவிடுங்கள். கையும் உடையும் தள்ளி இருக்கட்டும். உடனே வேகம் எடுத்து அமைதியாக ஓடினால் மோட்டார் சரி. 'ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். அப்படியே விட்டால் சுருள் எரிந்துபோகும். கப்பாசிற்றர் பழுதாகியிருக்கலாம், அல்லது மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். கப்பாசிற்றரில் பிளக் கழற்றிய பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், அதை மின் வேலை தெரிந்தவரிடம் விடுவதே பாதுகாப்பு.

இரண்டு பக்கமும் நன்றாக இருந்தால் இடையில் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும்.

பெல்ட்டைப் பார்த்து அறிவது

கழற்றிய பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்து முழுவதும் பாருங்கள். காரணத்தை அது தன் மேல் எழுதி வைத்திருக்கும்.

பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்து இறுகியிருந்தால், அது நீண்ட நாட்களாக வழுக்கிச் சூடேறியிருக்கிறது. தளர்வு, அல்லது அளவுக்கு மீறிய சுமை காரணம்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருந்தால், இரண்டு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கப்பிக்குக் கீழே கரும்பொடி கொட்டிக் கிடப்பதும் பெரும்பாலும் இதன் அடையாளமே.

உட்புறத்தில் குறுக்காக வெடிப்புகள் இருந்தால், வயது, சூடு, அல்லது மிகச் சிறிய கப்பியில் வளைந்து வளைந்து ஓடியமை காரணம். அதை மாற்றத்தான் வேண்டும்.

பெல்ட் வீங்கி மென்மையாகி, கையில் பிசுபிசுத்தால் எண்ணெயோ கிறீஸோ மண்ணெண்ணெயோ பட்டிருக்கிறது.

ஓடும்போது பெல்ட் பள்ளத்துக்குள் புரண்டு விழுந்தால், கப்பிகள் நேரில்லை, அல்லது உள்ளிழை அறுந்துவிட்டது. அப்படிப் புரண்ட பெல்ட்டை நிமிர்த்திப் போட்டாலும் மீண்டும் புரளும்.

'தக், தக்' என்று ஒரே தாளத்தில் அடித்தால், மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற பெல்ட் கப்பி வளைவிலேயே வடிவம் பிடித்திருக்கலாம். சில நிமிடம் ஓடியபின் குறைந்தால் கவலையில்லை. குறையாவிட்டால் மாற்றுங்கள்.

காது கேளாதவர்கள் எப்படி அறிவது?

வழுக்கும் பெல்ட் கீச்சிடும் என்றுதான் எல்லாக் கைநூல்களும் சொல்கின்றன. ஆனால் செல் அதிர்வில் செவிப்புலனை இழந்தவர்கள் எங்களிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சத்தம் எச்சரிக்கை ஆகாது. சத்தத்தை நம்பாமலும் வழுக்கலை அறியலாம்.

ஒன்று, சூடு. பத்து நிமிடம் கடைந்தபின் பிளக்கைக் கழற்றி, எல்லாம் நின்றபின் இரண்டு கப்பிகளையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது. விரலைச் சில வினாடிகள்கூட வைத்திருக்க முடியாதபடி சுட்டால் பெல்ட் வழுக்குகிறது. இரண்டு, மணம். எரிந்த ரப்பர் மணம் வந்தால் வேலையை நிறுத்த வேண்டும். மூன்று, கைச்சோதனை. பிளக்கைக் கழற்றிய நிலையில் சுழல்தண்டின் கப்பியை ஒருவர் அசையாமல் பிடிக்க, மற்றவர் மோட்டார்க் கப்பியைக் கையால் சுற்ற வேண்டும். இலகுவில் சுற்றி பெல்ட் நழுவினால் தளர்வு அதிகம். தனியே வேலை செய்பவர், சுழல்தண்டைப் பூட்டும் வசதி இருந்தால் அதைப் பூட்டிவிட்டு இதைச் செய்யலாம். முடிந்ததும் பூட்டை விடுவிக்க மறக்கக் கூடாது.

கப்பியைப் பாருங்கள்

பெல்ட்டுக்கு அடுத்தபடி தேய்வது கப்பியின் பள்ளம். அதன் பக்கச் சுவர் நேராக இருக்க வேண்டும். அடிமட்டத்தின் விளிம்பைச் சுவரோடு வைத்துப் பாருங்கள். நடுவில் குழி விழுந்து வெளிச்சம் தெரிந்தால் கப்பி தேய்ந்துவிட்டது. பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட் அடியைத் தொட்டு ஓடுகிறது என்று பொருள். சரியான பெல்ட்டின் மேற்புறம் கப்பியின் விளிம்போடு சமமாகவோ, மயிரளவு உயர்ந்தோ நிற்கும். விளிம்புக்குக் கீழே ஆழ்ந்திருந்தால் பெல்ட்டோ கப்பியோ தேய்ந்திருக்கிறது, அல்லது பெல்ட்டின் வகை தவறு.

கப்பியைத் தண்டோடு பிடித்திருக்கும் சிறிய திருகாணியையும் கவனியுங்கள். அதிர்வில் அது தளரும். தளர்ந்தால் கப்பி தண்டில் மெதுவாக நகர்ந்து நேர்கோட்டை இழக்கும். பெல்ட் பழுதாகும் முன் பழுதாவது பெரும்பாலும் இதுதான். இறுக்குவதற்கு அரை நிமிடம் போதும்.

நேர்கோட்டைப் பார்க்க, ஒரு நூலை எடுத்து இரண்டு கப்பிகளின் பக்க முகங்களுக்குக் குறுக்காக இழுத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு கப்பியிலும் இரண்டு விளிம்புகளாக மொத்தம் நான்கு இடங்களில் நூல் தொட வேண்டும். எங்காவது இடைவெளி தெரிந்தால் மோட்டாரை அந்தப் பக்கம் நகர்த்தியோ, ஒரு முனைக்குக் கீழே தகட்டை வைத்தோ சரிசெய்யுங்கள். இரண்டு கப்பிகளும் ஒரே தடிப்பில் இல்லாவிட்டால் முகங்களை விட்டுப் பள்ளங்களின் நடுவை அளந்து ஒப்பிட வேண்டும்.

சரியான பெல்ட்டை வாங்குவது

பழைய பெல்ட்டின் மேல் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்து அகலத்தைக் குறிக்கிறது. 'ஏ' வகையின் மேல் அகலம் 13 மில்லிமீற்றர், தடிப்பு 8 மில்லிமீற்றர். 'பி' வகை 17க்கு 11. சிறிய இயந்திரங்களில் வரும் 'இசட்' வகை 10க்கு 6. எண், பெல்ட்டின் உட்சுற்றளவை அங்குலத்தில் காட்டுவது. 'ஏ 44' என்றால் உட்சுற்றளவு ஏறக்குறைய 44 அங்குலம். வெளிச்சுற்றளவு அதைவிட ஏறக்குறைய 2 அங்குலம் கூட.

எழுத்து அழிந்திருந்தால் பழைய பெல்ட்டை அளந்து கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. பழையது நீண்டிருக்கும். அதைவிட, மோட்டாரை அதன் நகரும் துளையின் நடுவில் நிறுத்தி, அளவு நாடாவை இரண்டு கப்பிகளின் வெளிவிளிம்பையும் சுற்றிப் பிடித்து அளவுங்கள். கிடைப்பது வெளிச்சுற்றளவு. 46 அங்குலம் வந்தால், 'ஏ' வகையில் இரண்டைக் கழித்து 44 என்று கேட்கலாம். மோட்டார் நடுவில் இருப்பதால் பெல்ட்டைப் போட உள்ளே தள்ளவும், பின்பு இறுக்க வெளியே இழுக்கவும் இடம் இருக்கும்.

'வி' பெல்ட் லேத்துக்கு மட்டும் உரியதல்ல. நெல் குற்றும் மில், மா அரைக்கும் மில், லான்ட்மாஸ்டர் எல்லாம் இதே குடும்பத்து பெல்ட்டில் ஓடுபவை. எனவே விவசாய இயந்திர உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். ஆனால் "கிட்டத்தட்ட இதுதான்" என்று வகையை மாற்றி வாங்கக் கூடாது. 'ஏ' பள்ளத்தில் 'பி' பெல்ட் இறங்காமல் மேலே தொங்கும். 'பி' பள்ளத்தில் 'ஏ' பெல்ட் அடிவரை இறங்கி வழுக்கும். இரண்டும் சில நாட்களுக்கு ஓடும் என்பதுதான் ஏமாற்றம்.

மேசை மேல் வைக்கும் சிறிய லேத்துகளில் உட்புறம் நீளவாக்கில் வரிவரியாக இருக்கும் மெல்லிய தட்டை பெல்ட் வரும். அதற்கு வரிகளின் எண்ணிக்கையும் நீளமும் இரண்டும் பொருந்த வேண்டும். இது ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. கிடைக்கும்போதே ஒன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சில இயந்திரங்களில் பெல்ட்டை மாற்ற வேண்டுமானால் சுழல்தண்டையே கழற்ற வேண்டியிருக்கும். அப்படியானவற்றுக்குச் சிறு துண்டுகளைக் கோத்து நீட்டவும் குறைக்கவும் கூடிய இணைப்பு பெல்ட் உதவும். விலை கூடியது. ஆனால் தண்டைக் கழற்றாமலே சுற்றிப் பூட்டலாம்.

பூட்டுவதும் இறுக்குவதும்

மோட்டாரைத் தளர்த்தி உள்ளே தள்ளிய பின்புதான் பெல்ட்டைப் போட வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி விளிம்புக்கு மேலால் ஏற்றினால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இழை அறுந்திருக்கும். புதுப் பெல்ட் ஒரு கிழமையில் புரள்வதற்கு இது ஒரு காரணம்.

இறுக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு கப்பிகளுக்கும் இடையே பெல்ட் நேராக ஓடும் நீளத்தை அளவுங்கள். அதன் நடுவில் பெருவிரலால் மிதமாக அழுத்தினால், ஒவ்வொரு 100 மில்லிமீற்றருக்கும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் தாழ வேண்டும். இடைவெளி 400 மில்லிமீற்றர் என்றால் 6 மில்லிமீற்றர் தாழ்வது சரி. தாழவே இல்லை என்றால் இறுக்கம் மிகை. அது பெயாரிங்கைத் தின்னும், மோட்டாரைச் சூடாக்கும். வேலை நேரத்தில் வழுக்காமல் இருக்கப் போதுமான இறுக்கத்தில் மிகக் குறைந்ததே நல்ல இறுக்கம்.

புதிய பெல்ட் முதல் ஓட்டத்தில் பள்ளத்துக்குள் படிந்து சற்றுத் தளரும். அரை மணித்தியாலம் ஓடியபின் ஒருமுறையும், அடுத்த நாள் ஒருமுறையும் இறுக்கத்தைப் பாருங்கள். இந்த இரண்டு சோதனைகளையும் விடுவதால் கெட்ட பெல்ட்டுகள் அதிகம். கடைசியாக, பெல்ட்டின் மூடியைத் திரும்பப் பூட்டாமல் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். சாரத்தின் நுனி, சேலைத் தலைப்பு, பின்னல், தளர்ந்த சட்டைக் கை எதுவும் அதில் அகப்படலாம்.

வேகப்படியைச் சரியாகத் தெரிவது

பல லேத்துகளின் கப்பி படிப்படியாக இருக்கும். பெல்ட்டை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மாற்றி வேகத்தை மாற்றலாம். கணக்கு இலகு: மோட்டாரின் வேகத்தை மோட்டார்க் கப்பியின் விட்டத்தால் பெருக்கி, சுழல்தண்டுக் கப்பியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, மோட்டார்க் கப்பி 75 மில்லிமீற்றர், மற்றது 150 என்றால் மரம் 720 சுற்றுச் சுழலும். கப்பிகள் மறுதலையாக இருந்தால் 2880.

வேகம் கூடிய படியில் சுழல்தண்டுப் பக்கம் சிறிய கப்பி வரும். அங்கே திருப்பும் வலு குறையும், பெல்ட் பற்றும் பரப்பும் குறையும். பெரிய மரத்தை அதில் கடைந்தால் பெல்ட் வழுக்குவது நியாயமே. கடைசல்காரர்களிடையே வழங்கும் ஓர் அளவு, மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும் என்பது. 3 அங்குலக் கட்டில்காலுக்கு 2000 முதல் 3000 சுற்று. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900. சதுர மரத்தை உருட்டி எடுக்கும்வரை எப்போதும் குறைந்த வேகமே பாதுகாப்பு.

குறைந்த மின்னழுத்தம்

எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். தோட்டங்களில் நீர் இறைக்கும் நேரத்திலும் மாலை வேளையிலும் கிராமங்களில் அது குறைவதுண்டு. இவ்வகை மோட்டாரின் திருப்பு வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைகிறது. 230 வோல்ற் 180 ஆனால் வலு ஏறக்குறைய 60 வீதமாகிவிடும். அப்போது வழமைபோல் உளியை அழுத்தினால் மோட்டார் திணறும். பெல்ட்தான் காரணம் என்று நினைத்து அதை மேலும் இறுக்குவார்கள். மோட்டார் மேலும் திணறும். இரண்டையும் வேறுபடுத்த ஒரு வழி: உளி அழுத்தும்போது மோட்டார் ஓட, மரம் மட்டும் நின்றால் பெல்ட் வழுக்குகிறது. மோட்டாரும் சேர்ந்து மெதுவானால் மின்சாரத்தையோ மோட்டாரையோ பாருங்கள். நீண்ட மெல்லிய வயரில் இணைப்பு எடுப்பதும் மின்னழுத்தத்தைக் குறைக்கும். இயந்திரத்தைச் சுவர்ப் பிளக்குக்கு அருகில் வைப்பது நல்லது.

செய்யக் கூடாதவை

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். இல்லாததை வைத்துச் சமாளிக்கும் அந்தத் திறமை பெரியது. ஆனால் கடை திறந்திருக்கும் காலத்தில் சில சமாளிப்புகள் இயந்திரத்தைக் கெடுக்கும்.

வழுக்கும் பெல்ட்டில் குங்கிலியப் பொடி தூவுவது ஒன்று. பழைய தட்டைத் தோல் பெல்ட்டுகளுக்குப் பிசின் பூசும் வழக்கம் இருந்தது. 'வி' பெல்ட்டில் அது மரத்தூளோடு சேர்ந்து பள்ளத்தில் கட்டியாகும். சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தால் சத்தம் நிற்கும், வழுக்கல் கூடும். மண்ணெண்ணெயாலும் பெற்றோலாலும் துடைத்தால் ரப்பர் வீங்கும். சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டுப் போடுவதே போதுமானது. ஓடும் பெல்ட்டில் சாண்ட் பேப்பர் பிடிப்பது விரலை இழப்பதற்கான வழி.

ஒரு கையால் வேலை செய்பவருக்கு

போரில் கையையோ விரல்களையோ இழந்த பின்னும் கடைசல் வேலை செய்பவர்களுக்கு, மோட்டாரைத் தள்ளிப் பிடித்தபடி நட்டை இறுக்குவதே பெரும்பாடு. அதற்குத் தச்சுவேலை தெரிந்த எவரும் செய்யக்கூடிய ஒரு மாற்றம் இருக்கிறது.

மோட்டாரை நேரடியாக மேசையில் பூட்டாமல் உறுதியான தடித்த பலகையொன்றில் பூட்டுங்கள். அந்தப் பலகையின் ஒரு விளிம்பை இரண்டு கனத்த பிணைச்சல்களால் லேத் நிற்கும் மேசையின் பின்புறத்தில் மாட்டுங்கள். மோட்டார் தன் பாரத்தால் கீழ்நோக்கித் தொங்கி பெல்ட்டைத் தானாக இறுக்கும். பலகைக்குக் கீழே ஒரு கட்டையைச் செருகி மோட்டாரை உயர்த்தினால் பெல்ட் தளரும். ஒரு கையாலேயே படியை மாற்றிவிட்டுக் கட்டையை எடுத்துவிடலாம். பெல்ட் நீண்டாலும் இறுக்கம் மாறாது. உளி சிக்கினால் பெல்ட் வழுக்கவும் இடம் இருக்கும். மோட்டார் கனமாகி பெல்ட் மிகையாக இறுகினால், கீழே நிறுத்தும் போல்ட் ஒன்றைப் பூட்டிக் கட்டுப்படுத்தலாம். பிணைச்சல்களின் திருகாணிகள் முழுப் பாரத்தையும் தாங்குமா என்று பார்த்துப் பூட்டுவது அவசியம்.

மரத்துக்குள் இருக்கும் இரும்பு

இறுதியாக எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு காரணம். போர் நடந்த இடங்களில் நின்ற வேம்பிலும் பாலையிலும் முதிரையிலும் செல் துண்டுகளும் சன்னங்களும் புதைந்திருக்கின்றன. மரம் அவற்றைச் சுற்றி வளர்ந்து மூடியிருக்கும். மரக்காலைகளில் வாள் உடைவது இதனால்தான். லேத்தில் உளி அதில் மோதினால் மரம் ஒரே அடியில் நின்றுவிடும். பெல்ட் வழுக்கினால் உளி துள்ளுவதோடு முடியலாம். பெல்ட் மிகையாக இறுக்கப்பட்டிருந்தால் மோட்டாரின் முழு வலுவும் கைக்கு வரும், அல்லது மரம் பிடியிலிருந்து பறக்கும்.

எனவே கடைய முன் மரத்தைப் பாருங்கள். தழும்பு, இயல்பில்லாத முடிச்சு, நீலம் கலந்த கறுப்புக் கறை ஆகியவை இரும்பின் அடையாளங்களாக இருக்கலாம். வலிய காந்தத்தை மேலே ஓட்டினால் மேலோட்டமாக உள்ள இரும்பு தெரியும். ஆழத்தில் இருப்பதையும் ஈயத்தையும் அது காட்டாது. சந்தேகமான துண்டை ஒதுக்கிவிடுவதே இலாபம். முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் கடைய வேண்டாம். வெடிக்காத பொருள் போன்ற ஏதாவது மரத்தில் தெரிந்தால் கை வைக்காமல் விலகி, பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவிக்க வேண்டும்.

உதவி வழங்குபவர்களுக்கு

ஒரு லேத்தை வழங்கும்போது படம் எடுப்பதற்கு ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. அதே நாளில் இன்னும் மூன்று காரியங்கள் செய்யலாம். இயந்திரத்துக்குப் பொருந்தும் இரண்டு பெல்ட்டுகளைக் கூடவே கொடுப்பது. பெல்ட்டின் வகையையும் எண்ணையும் இயந்திரத்தின் உடலிலேயே அழியாத மையால் எழுதிவிடுவது. பெறுபவரைக் கொண்டே பெல்ட்டை ஒருமுறை கழற்றிப் பூட்ட வைப்பது. வெளிநாட்டில் இருந்து உறவுகளுக்கு இயந்திரம் வாங்கிக் கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். இங்கே உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்ட பின்பு தெரிவுசெய்யுங்கள்.

ஏற்கெனவே லேத் வைத்திருப்பவர்கள் கிழமைக்கு ஒருமுறை, வேலை முடிந்த மாலையில் பிளக்கைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து மரத்தூளைத் தட்டி, திருகாணியை இறுக்கி, பெருவிரலால் பெல்ட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்தால் போதும். தறப்பாளுக்குக் கீழே கிடக்கும் இயந்திரத்தையும் அப்படித் திறந்து பார்க்கலாம். மோட்டார் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அதைத் தனியே ஓடவிட்டுப் பாருங்கள்.